பேராசையற்ற கோலமும் ரிகர்ஷன் எல்லையும்: செக்ரோல் கோப்பில் நீளமான பதிவுகள் ஏன் விழுகின்றன?

மஸ்கெலியாத் தூறல் எழுதியது:

வணக்கம். தேயிலைத் தோட்டமொன்றின் பழைய செக்ரோல் (வேலைநாள், சம்பளப் பதிவேடு) பதிவுகளை நாங்கள் சிலர் சேர்ந்து கணினியில் ஏற்றி வருகிறோம். ஊழியர் சேமலாப நிதியில் விடுபட்ட மாதங்களைப் பற்றிக் கேட்டு வரும் ஓய்வுபெற்றவர்களுக்கு, எந்த மாதத்தில் எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர் (அரைநாள் வேலை) விழுந்திருக்கிறது என்பதை உடனே எடுத்துக் கொடுப்பதே நோக்கம். எல்லாப் பதிவுகளும் ஒரே உரைக் கோப்பில் கீழுள்ளவாறு இருக்கின்றன.

இல: 214, டிவிசன்: மேல்
கொழுந்து: 18, பேர்: 1
கொழுந்து: 9, அரைப்பேர்: 1
மொத்தம்: 27

சிலருடைய பதிவு நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும்; ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்களுடைய பதிவு பல்லாயிரம் எழுத்துகளுக்கு நீளும். ஒவ்வொரு பதிவையும் தனியே பிரிக்க நான் எழுதிய ரெஜெக்ஸ் (உரையில் தேட வேண்டிய வடிவத்தைக் குறிகளால் சொல்லும் முறை) கோலம் இது. இங்கே ↵ என்பது புதிய வரியைக் குறிக்கிறது.

இல:((?:.|↵)*?)மொத்தம்:

சிறிய கோப்பில் இது பிஎச்பி, ஜாவா, பைதான் ஆகிய மூன்று நிரல்மொழிகளிலும் சரியாக வேலை செய்தது. முழுக் கோப்பைக் கொடுத்தால் பிஎச்பி எதுவும் பொருந்தவில்லை என்பதுபோல் வெறுமனே திரும்புகிறது. ஜாவா ஸ்டாக் ஓவர்ஃப்ளோ (செயற்கூறு அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவக அடுக்கு நிரம்பி வழிதல்) பிழையுடன் நின்றுவிடுகிறது. பைதான் மட்டும் ஓடுகிறது, ஆனால் சில இடங்களில் இரண்டு மூன்று தொழிலாளர்களின் பதிவு ஒன்றாக ஒட்டி வருவதுடன், கோப்பின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் ஆமை வேகமாகிறது. *? என்று எழுதும் பேராசையற்ற பொருத்தம் குறைவாகத்தானே எடுக்கும்? குறைவாக எடுப்பதற்கு இவ்வளவு நினைவகம் ஏன் தேவைப்படுகிறது?

ஹட்டன் நிரலர் எழுதியது:

முதலில் பிஎச்பியைப் பார்ப்போம். அங்கே பொருந்தவில்லை என்பதும் பொருத்திப் பார்க்க முடியவில்லை என்பதும் இரு வேறு விடைகள். பொருந்தாவிட்டால் சுழியம் கிடைக்கும். ரெஜெக்ஸை ஓட்டும் எஞ்சின் தன் எல்லையில் முட்டி நின்றால் பொய் என்ற மதிப்பு கிடைக்கும். பதிலீடு செய்யும் செயற்கூறாக இருந்தால் நல் என்ற வெற்று மதிப்பு வரும். சாதாரண நிபந்தனைக் கூற்றில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், மூன்று சமக்குறிகள் இட்டு ஒப்பிட்டால்தான் வேறுபாடு தெரியும். கடைசிப் பிழையின் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். 2 என்றால் பின்வாங்கல் (ஒரு வழி தோற்றால் திரும்பி வந்து வேறு வழியை முயல்தல்) எல்லை, 3 என்றால் ரிகர்ஷன் (செயற்கூறு தன்னையே அழைத்தல்) எல்லை, 6 என்றால் ஜிட் (கோலத்தை ஓடும்போதே இயந்திர மொழிக்கு மாற்றும் வசதி) அடுக்கின் எல்லை.

பின்வாங்கல் எல்லையின் இயல்பு மதிப்பு 10 இலட்சம், 5.3.7 பதிப்புக்கு முன்னர் அது ஓர் இலட்சமாகவே இருந்தது. ரிகர்ஷன் எல்லையின் இயல்பு மதிப்பு ஓர் இலட்சம். இரண்டையும் அமைப்புக் கோப்பில் கூட்டிக்கொள்ளலாம். ஜாவாவில் இழையின் (த்ரெட்) அடுக்கு 64 பிட் லினக்ஸில் இயல்பாக 1 மெகாபைட். அதையும் கட்டளை வரியில் பெருக்கலாம். அவசரமாக வேலை முடிய வேண்டுமென்றால் இதுவே குறுக்குவழி.

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

எல்லையைக் கூட்டுவதற்கு முன், அது எதை எண்ணுகிறது என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. தம்பியின் கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது.

பேராசையுள்ள குறி முடிந்தவரை முன்னே ஓடி, பிறகு தேவைப்பட்டால் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கும். பேராசையற்ற குறி ஒன்றும் எடுக்காமல் தொடங்கி, மீதிக் கோலம் பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடியும் பார்க்கும். ஆகவே குறைவு என்பது விடையின் நீளத்தைப் பற்றியதே தவிர உழைப்பைப் பற்றியதன்று. ‘மொத்தம்:’ 40,000 எழுத்துகளுக்கு அப்பால் இருந்தால் எஞ்சின் 40,000 தடவை நின்று பார்த்துவிட்டே அங்கு போய்ச் சேரும்.

இனி அடுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உங்கள் கோலத்தில் திரும்பத் திரும்ப வருவது தனி எழுத்தன்று. புள்ளி (புதிய வரி தவிர்ந்த எந்த எழுத்தும்) அல்லது புதிய வரி என்று இரண்டு வழிகளைக் கொண்ட ஒரு தொகுதி. ஒவ்வொரு சுற்றிலும் எஞ்சின் ஒரு வழியைத் தெரிவு செய்கிறது. பின்னால் ஏதாவது பிசகினால் மற்ற வழியை முயல்வதற்காக அந்தத் தெரிவை எங்காவது குறித்து வைத்தாக வேண்டும். ஜாவாவின் எஞ்சின் அதைத் தன் செயற்கூறு தன்னையே அழைப்பதன் மூலம் குறித்து வைக்கிறது. எனவே சுற்று ஒன்றுக்குச் சில அழைப்புகள் அடுக்கில் ஏறி, பொருத்தம் முடியும்வரை இறங்காமல் நிற்கின்றன. சில ஆயிரம் எழுத்துகளிலேயே அடுக்கு நிரம்பிவிடுவது இதனால்தான். அதே ஜாவாவில் தொகுதியை நீக்கி, புள்ளி புதிய வரியையும் ஏற்கும்படி கொடியை (ஃப்ளாக்) இட்டு, வெறும் .*? என்று எழுதினால், எஞ்சின் அதை ஒரு சாதாரணச் சுழலாக ஓட்டுகிறது. அடுக்கில் எதுவும் ஏறாது.

பைதானிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். 2.3 பதிப்புவரை அதன் எஞ்சின் தன்னைத்தானே அழைத்தது. அடுக்கு நிரம்புவதற்குள் தடுத்து ஒரு பிழையை எழுப்ப முயன்றது, ஆனாலும் சில கோலங்கள் அந்தக் காவலையும் தாண்டி நிரலையே வீழ்த்தின. 2004 நவம்பரில் வெளிவந்த 2.4 பதிப்பில், குஸ்தாவோ நீமாயர் அந்த எஞ்சினை ரிகர்ஷன் இல்லாமல் மாற்றி எழுதினார். இன்று உங்கள் பைதான் விழாமல் ஓடுவது அந்த உழைப்பினாலேயே. பர்ல் 5.10 பதிப்பிலும், பிஎச்பி பயன்படுத்தும் பிசிஆர்இ2 நூலகம் 10.30 பதிப்பிலும் இதே திசையில் திரும்பின. தெரிவுகளின் குறிப்பு இவற்றில் மறைந்துவிடவில்லை. அடுக்கிலிருந்து பொது நினைவகத்துக்கு இடம் மாறியிருக்கிறது. கொள்ளளவு பெரிதானது என்பதே உண்மை.

பர்லில் இன்னொரு பொறி உண்டு. சிக்கலான தொகுதி ஒன்றை அது 32,766 தடவைக்கு மேல் திரும்பச் செய்ய மறுத்து, எச்சரிக்கைகள் இயக்கப்பட்டிருந்தால் மட்டும் ஒரு வரி அச்சிட்டுவிட்டுப் பேசாமல் போய்விடும். 5.30 பதிப்பில் அந்த உச்சம் ஏறத்தாழ இரு மடங்காக்கப்பட்டது. என் கருத்தில், சத்தமாக விழும் ஜாவாவே இவற்றுள் நேர்மையானது.

மஸ்கெலியாத் தூறல் எழுதியது:

நன்றி டீச்சர். தொகுதியை நீக்கி, கொடியிட்டு, இல:(.*?)மொத்தம்: என்று மாற்றியதும் ஜாவா விழவில்லை. பிஎச்பியில் முன்னர் எண் 6 வந்தது. இப்போது வீட்டுக் கணினியில் ஓடுகிறது, ஜிட் அணைத்து வைத்திருக்கும் அலுவலகக் கணினியில் எண் 2 வருகிறது. பதிவுகள் ஒட்டி வருவது மட்டும் மூன்று மொழிகளிலும் அப்படியே இருக்கிறது. கோப்பின் மொத்த அளவு சில மெகாபைட்தான். தனி ஒருவருடைய பதிவு எதுவும் பத்து இலட்சம் எழுத்துகளுக்கு அருகில்கூட வராது. அப்படியிருக்க அந்த எல்லையில் ஏன் முட்ட வேண்டும்?

ஹட்டன் நிரலர் எழுதியது:

அந்த எல்லை எழுத்துகளை எண்ணுவதில்லை. எஞ்சினின் முயற்சிகளை எண்ணுகிறது. பிஎச்பியில் யூ என்ற கொடியை இடாவிட்டால் புள்ளி ஒரு பைட்டை மட்டுமே எடுக்கும். ‘கொழுந்து’ என்ற சொல் நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறியீடுகள். யூடிஎஃப்-8 கோப்பில் 24 பைட்டுகள். ஆங்கிலக் கோப்பில் எட்டு முயற்சியில் கடக்கக்கூடிய எட்டுக் குறியீடுகளுக்குத் தமிழ்க் கோப்பில் 24 முயற்சிகள் செலவாகின்றன. கொடியை இடுங்கள். ஆனாலும் டீச்சர் சொல்லாத வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவருடைய பதிவில் தொடங்கும் தேடல் அவருடைய பதிவோடு நிற்கவில்லை என்றே தோன்றுகிறது.

தலவாக்கலைக் கணக்கு எழுதியது:

தோட்ட அலுவலகத்தில் இந்தத் தட்டச்சு வேலையைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். இந்தக் கோப்பில் பாமினி எழுத்துருவில் அடித்துப் பிறகு ஒருங்குறிக்கு மாற்றிய பகுதிகள் இருக்கின்றனவா? இருந்தால், ஒட்டி வரும் இடத்திலுள்ள ‘மொத்தம்’ என்ற சொல்லையும் சரியாக வரும் இடத்திலுள்ள அதே சொல்லையும் எடுத்து, குறியீடு குறியீடாக அச்சிட்டுப் பாருங்கள். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். பாமினியில் ‘மொ’ என்பதைக் கொம்பு (ெ), மகரம், அரவு (ா) என்று மூன்று தட்டல்களாக அடிப்போம். மாற்றும் கருவி கவனமில்லாதது என்றால் கொம்பையும் அரவையும் தனித்தனிக் குறியீடுகளாகவே விட்டுவிடும்; நேராக ஒருங்குறியில் அடித்தால் இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடு வரும்.

மஸ்கெலியாத் தூறல் எழுதியது:

நீங்கள் சொன்னதே நடந்திருக்கிறது, அண்ணன். ஒட்டி வரும் இடங்களில் அந்தச் சொல் எட்டுக் குறியீடுகளாகவும், மற்ற இடங்களில் ஏழாகவும் இருக்கிறது. கோப்பின் கடைசிப் பகுதி முழுவதுமே எட்டுக் குறியீட்டு வடிவில் இருக்கிறது.

பதுளை மேகம் எழுதியது:

அப்படியானால் மூன்று நோய்க்குறிகளுக்கும் ஒரே வேர். நடுவில் ஒருவருடைய ‘மொத்தம்:’ வேறு வடிவில் இருந்தால், பேராசையற்ற குறி அதைக் கண்டுகொள்ளாமல் அடுத்தவருடைய பதிவுக்குள் நுழைந்து, அவருடைய ‘மொத்தம்:’ வரை போய் நிற்கிறது. அதன் பார்வையில் அதுவே மிகக் குறைந்த நீளம். கடைசிப் பகுதியிலோ அது நிற்பதற்கு இடமே இல்லை. ஒவ்வோர் ‘இல:’ இலிருந்தும் கோப்பின் முடிவுவரை நடந்து, தோற்று, அடுத்த ‘இல:’ இலிருந்து மறுபடியும் முடிவுவரை நடக்கிறது. பைதான் ஆமையானதும், பிஎச்பி 10 இலட்சத்தில் முட்டியதும் இதனால்தான்.

முதல் மருத்துவம் ஒருங்குறி இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்தின் வேறுபட்ட குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்குவது. என்எஃப்சி வடிவுக்கு மாற்றினால் கொம்பும் அரவும் சேர்ந்து ஒரே குறியீடாகிவிடும். ‘போயா’ போன்ற சொற்களும் இதே மாற்றத்தில் சீராகும். கோலத்திலுள்ள தமிழ்ச் சொற்களையும் அதே வடிவில் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் இயல்பாக்கிய பிறகும் கோலத்திலுள்ள குறை அப்படியே இருக்கும். யாராவது ‘மொத்தம்’ என்பதில் ஒரு புள்ளியை விட்டிருந்தால் போதும், பழைய ஒட்டல் திரும்ப வரும். பேராசையற்ற குறி வேலியன்று. அது வெறும் முன்னுரிமை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது கோப்பிலுள்ள மிகக் குறுகிய பொருத்தத்தைத் தேடுவதுமில்லை. இல:.*?நீக்கம் என்று எழுதி, வேலை நீக்கப்பட்டவர்களை மட்டும் எடுக்க நினைத்தால், நீக்கப்பட்டவர் 215ஆம் இலக்கத்துக்காரராக இருக்க, விடை 214ஆம் இலக்கத்துக்காரரிலிருந்து தொடங்கும். இடப்பக்கத்தில் முதலில் கிடைக்கும் தொடக்கமே வெல்லும். குறைப்பதெல்லாம் அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு வலப்பக்கத்தில் மட்டுமே. ஒரு நிரபராதியின் பெயர் நீக்கப் பட்டியலில் ஏற இது போதும்.

எதைத் தாண்டக் கூடாது என்பதைக் கோலத்திலேயே எழுதிவிடுங்கள்.

இல:((?:(?!இல:|மொத்தம்:).)*+)மொத்தம்:

ஒவ்வோர் எழுத்தை எடுப்பதற்கு முன்னும், முன்னால் இருப்பது ‘இல:’ அல்லது ‘மொத்தம்:’ இல்லை என்று உறுதி செய்துகொள்கிறோம். நட்சத்திரத்துக்குப் பின்னுள்ள கூட்டல் குறி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காதே என்று எஞ்சினுக்குச் சொல்கிறது. பின்வாங்கத் தேவையில்லாததால் தெரிவுகளைக் குறித்து வைக்கவும் தேவையில்லை. ஜாவாவும் பிஎச்பியும் இதை நெடுநாளாக ஏற்கின்றன. பைதானில் 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பிலிருந்தே இது உண்டு.

ஊவாக் குளிர் எழுதியது:

இடையிலுள்ள எழுத்துகளைச் சொல்லெழுத்து வகுப்பால் (\w) பிடித்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், பைதானின் உள்ளமைந்த நூலகத்தில் அது தமிழுக்கு ஆகாது. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அந்த வகுப்பு ஏற்பதில்லை. ‘மலை’ என்ற சொல்லில் ‘மல’ வரைதான் வரும்.

ஹட்டன் நிரலர் எழுதியது:

பதுளை நண்பரின் கோலம் சரியானது, அழகானதும்கூட. இருந்தாலும் பின்வாங்கும் எஞ்சினை வைத்துக்கொண்டு அதற்கு வேலி கட்டுவதைவிட, பின்வாங்காத எஞ்சினுக்கு மாறுவதே முறையென்று நான் கருதுகிறேன். கென் தாம்சன் 1968இலேயே வழி காட்டிவிட்டார்: ஒரு வழியைத் தெரிவு செய்து தோற்றால் திரும்பி வருவதற்குப் பதிலாக, எல்லா வழிகளையும் சேர்த்தே எழுத்து எழுத்தாக முன்னகர்த்துவது. 2010இல் கூகுள் திறந்த மூலமாக வெளியிட்ட ஆர்இ2 நூலகமும், கோ மொழியின் நூலகமும், ரஸ்டின் நூலகமும் இந்த வழியில் நடப்பவை. பேராசையற்ற குறியை இவையும் ஏற்கின்றன. உரையின் நீளத்துக்கு ஏற்ப ஒரு தேடலின் நேரம் நேர்கோட்டில் கூடுமே தவிர வெடிக்காது. டாட்நெட் 7 பதிப்பிலும் பின்வாங்காத தெரிவு ஒன்று சேர்க்கப்பட்டிருக்கிறது.

பண்டாரவளை டீச்சர் எழுதியது:

மாறுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாறுவதால் தீர்வது எது, தீராதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆர்இ2 நேரத்தைக் காப்பாற்றும். ஒட்டி வந்த பதிவுகளைப் பிரித்துத் தராது. எந்த எஞ்சினாக இருந்தாலும் .*? என்பதன் பொருள் அதேதான். மேலும் முன்னோக்கிப் பார்க்கும் (?! ) வடிவத்தை ஆர்இ2வும் கோவும் ஏற்பதில்லை என்பதால், பதுளைக்காரரின் வேலியை அங்கே அப்படியே கட்ட முடியாது.

ரிகர்ஷன் எல்லையும் அங்கே முற்றாக ஒழிந்துவிடவில்லை. உரையைப் பொருத்தும்போது ரிகர்ஷன் இல்லாவிட்டாலும், கோலத்தைப் படித்துப் பகுக்கும்போது இருக்கலாம். மிக ஆழமாக அடைப்புக்குள் அடைப்பாக எழுதிய கோலத்தைக் கொடுத்துக் கோ நிரலின் அடுக்கையே தீர்த்துவிட முடிந்ததால், 2022 மார்ச்சில் வந்த 1.17.8 பதிப்பில் அந்த ஆழத்துக்கு உச்சம் வைத்தார்கள். பிசிஆர்இ2 அடைப்புகளின் ஆழத்தை இயல்பாக 250 என்று கட்டுப்படுத்துகிறது. கோலத்தைப் பயனர் தாமே எழுதிக் கொடுக்கும் இணையதளம் வைத்திருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. 2016 ஜூலையில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற பெயருடைய நிரலர் கேள்வி-பதில் தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. வரியின் இறுதியிலுள்ள வெற்றிடங்களை நீக்கும் எளிய கோலம் ஒன்றே காரணம். அதில் ரிகர்ஷனும் இல்லை, பேராசையற்ற குறியும் இல்லை. ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் வரிசையாக வந்து, அவற்றின் பின்னால் வேறோர் எழுத்து இருந்தது. ஒவ்வொரு வெற்றிடத்திலிருந்தும் தொடங்கி, கடைசிவரை போய்த் தோற்றதில் சுமார் 20 கோடி ஒப்பீடுகள். தம்பியின் கோப்பின் கடைசிப் பகுதியில் நடந்ததும் இதே கணக்குத்தான். அந்தக் கோலம் நீக்க முயன்ற குறிகளில் கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற பிரிப்புக் குறியும் ஒன்று. ‘க்’, ‘ஷ’ ஆகியவை கூட்டெழுத்தாகச் சேராமலிருக்க நாம் தமிழில் இடுவதும் அதையே.

தலவாக்கலைக் கணக்கு எழுதியது:

ரெஜெக்ஸே தேவையில்லை என்பது என் எண்ணம். வரி வரியாகப் படியுங்கள்; ‘இல:’ என்று தொடங்கினால் புதிய பதிவைத் திறவுங்கள்; ‘மொத்தம்:’ வந்தால் மூடுங்கள்; மூடாமலே புதியது வந்தால் கத்துங்கள். கணக்குப்பிள்ளைமார் கையால் செய்ததும் இதுதான்.

பதுளை மேகம் எழுதியது:

ஒரே நிரலாக எழுதினால் அண்ணன் சொல்வதே சிறந்தது. ஆனால் முடிவில்லாத பதிவுகளைத் தட்டச்சாளரிடம் திருப்பியனுப்ப, எடிட்டரில் ஒரே தேடலாகப் பட்டியலிட வேண்டும் என்றால் இதைப் பயன்படுத்தலாம்.

இல:(?:(?!இல:|மொத்தம்:).)*+(?!மொத்தம்:)

இங்கே கூட்டல் குறியை எடுத்துவிட்டுப் பாருங்கள். சரியான பதிவுகளும் பட்டியலில் வந்துவிடும். ஏனென்றால், ‘மொத்தம்:’ முன்னால் நிற்பதைக் கண்ட எஞ்சின் ஓர் எழுத்தைத் திருப்பிக் கொடுத்து ஓரடி பின்வாங்கும். அங்கிருந்து பார்த்தால் முன்னால் இருப்பது ‘மொத்தம்:’ இல்லையே. திருப்பிக் கொடுக்காமை இங்கே வேகத்துக்காக மட்டுமன்று, விடை சரியாக இருப்பதற்காகவும்தான்.

மஸ்கெலியாத் தூறல் எழுதியது:

கோப்பை என்எஃப்சிக்கு மாற்றி, பதுளை நண்பரின் கோலத்தை இட்டபின் மூன்று மொழிகளும் ஒரே எண்ணிக்கையைத் தருகின்றன. எல்லைகள் எதையும் கூட்டவில்லை. முடிவில்லாத பதிவுகளின் பட்டியல் தட்டச்சாளரிடம் போயிருக்கிறது. ஒன்று மட்டும் மீதம் இருக்கிறது. ‘பௌர்ணமி’ என்று தேடினால் பாமினியிலிருந்து வந்த பகுதியில் எதுவும் கிடைப்பதில்லை. என்எஃப்சி அதைச் சேர்த்திருக்க வேண்டாமா?

தலவாக்கலைக் கணக்கு எழுதியது:

அது சேர்க்காது. அங்கே கொம்புக்குப் பின்னால் இருப்பது ஔகாரத்தின் பின்பாதிக் குறியன்று, உண்மையான ளகரம். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் அப்படியே அடித்துப் பழகிவிட்டோம். ஒருங்குறிக்கு அது ‘பெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்து. முழுக் கோப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள். ‘வெள்ளி’ என்பதிலும் அதே வரிசை இருக்கிறது, வெள்ளிக்கிழமைகள் எல்லாம் கெட்டுப்போகும். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் தேடி எடுங்கள். அதிலும் ‘வெளக்கு’ என்று பேச்சு வழக்கில் எழுதிய குறிப்புகள் அகப்படும். ஆகவே பட்டியலை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.